கடல் மீன் தொட்டில அடிதடி: எத பாத்தா எத செய்யணும்

"ண்ணா, அந்த நீலக்கலரு சும்மாவே இருக்க மாட்டேங்குதுண்ணா, புதுசா வுட்டத ஓட ஓட வெரட்டிக்கினே கீது, இன்னா பண்றது?" இந்த போன் வராத ஞாயித்துக்கிழம எனக்கு கெடையாது. வியாசர்பாடி, தண்டையார்பேட்ட, பெரம்பூர்ல என் பக்கத்து தெரு, எங்கேந்து வேணா வரும். காலைல கொளத்தூர் போய் மீன் வாங்கி, மத்தியானம் தொட்டில விட்டு, சாயங்காலம் கலவரமாகி, ராத்திரி பத்தரைக்கு எனக்கு போன். ஒரே பதில சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதி வச்சுட்டேன். நான் மீன் டாக்டரும் இல்ல, கடைக்காரனும் இல்ல. நாலடி தொட்டி ஒண்ணு (நாலுக்கு ஒண்ணரைக்கு ஒண்ணரை, கணக்குப்படி 255 லிட்டர், கல்லு மணல் போக 210 சொச்சம் தான் நிக்கும்) ரொம்ப வருஷமா ஓட்டிட்டு இருக்கேன், தப்பு பண்ணி பண்ணி கத்துக்கிட்டது தான் எல்லாம். மீஞ்சூர் பக்கம் 2010ல கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்குற ஆலை தொறந்தாங்க, நான் வீட்ல உக்காந்து ஆர்ஓ தண்ணில உப்பு கலக்கி கடல் தண்ணியாக்குறேன், எங்கம்மாவுக்கு இது இன்னிக்கு வரைக்கும் புரியல.

உங்க தொட்டில என்ன நடக்குதோ அந்த தலைப்புக்கு நேரா போயிடுங்க. காசு செலவில்லாத காரணம் முன்னாடி, செலவு வைக்கிறது கடைசில.

எல்லா தலைப்புக்கும் பொதுவா ஒண்ணே ஒண்ணு: அடி வாங்குறத வெளிய எடுக்காதீங்க, அடிக்கிறத எடுங்க. எல்லாரும் பாவம்னு அடி வாங்குனத தான் தூக்கி பக்கெட்ல போடுறாங்க. அது திரும்ப உள்ள போகும்போது மறுபடியும் புது மீன், மறுபடியும் அடி. நடுவுல அந்த ரவுடி அடுத்த ஆள தேடிக்கும். அடிக்கிறத ஒரு வாரம் வெளிய வச்சா கத உல்டா. உள்ள இருக்கறதுங்க ஆளுக்கொரு பொந்து பிடிச்சு செட்டில் ஆயிடும், அது திரும்பி வரும்போது அது தான் புதுசு. ஸ்டோர் வீட்ல ஹவுஸ் ஓனரே ஒரு மாசம் ஊருக்குப் போயிட்டு வந்து குடித்தனக்காரங்க கிட்ட இடம் கேக்குற மாதிரி. படுகாயம் பட்டது மட்டும் இதுக்கு விலக்கு, அத கீழ சொல்றேன்.

முதல்ல: கைய விடாம இருவது நிமிஷம்

நாற்காலி போட்டு, டீ ஒண்ணு எடுத்துக்கிட்டு, தொட்டிலேந்து அஞ்சடி தள்ளி உக்காருங்க. கிட்ட போனா சாப்பாடு வருதுன்னு எல்லாம் நல்ல பிள்ளையா முன்னாடி வந்து நிக்கும், ஒண்ணும் தெரியாது. பாக்க வேண்டியது மூணு: யாரு யார அடிக்கிறா, எந்த இடத்துல, எந்த நேரத்துல. போன்ல கேட்டா பத்துல ஏழு பேருக்கு இது தெரியாது, "எல்லாம் எல்லாத்தையும் அடிக்குதுங்க" அப்டிம்பாங்க. அப்டி இருக்கவே இருக்காது.

ரெண்டு செகண்ட் துரத்திட்டு திரும்பிப் போனா அது சண்ட இல்ல, "இது என் எடம்"னு சொல்றது. விடுங்க. துடுப்பு கிழியறது, செதில் உரியறது, அடி வாங்குறது மேல மூலைல பைப்புக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு சாப்பாட்டுக்குக் கூட வராம இருக்கறது, இதெல்லாம் தான் சண்ட.

இன்னொண்ணு, அது சண்ட தானான்னு பாருங்க. கல்லுல மணல்ல உடம்ப தேச்சுக்கிட்டு சர்ருனு பாயுற மீன பாத்து "யாரோ வெரட்டுறாங்க"ன்னு நெனச்சுடறாங்க. பின்னாடி யாருமே இல்லாம பாயுதுன்னா அது ஒட்டுண்ணி, இல்ல தண்ணி சரியில்ல. அம்மோனியா, நைட்ரைட் (மீன் கழிவுலேந்து உருவாகுற விஷம்) ரெண்டும் பூஜ்யமா இருக்கணும், உப்பு (அடர்த்தி அளவுல) 1.025 பக்கத்துல, சூடு 25லேந்து 27 டிகிரி. இந்த நாலையும் பாக்காம சண்டைக்கு வைத்தியம் பண்ணாதீங்க. மீன் மேல மாவு தூவுன மாதிரி இருந்து மூச்சும் வேகமா வாங்குதுன்னா மிச்சத்த படிக்காதீங்க, கடைசி தலைப்புக்கு போங்க.

அறிகுறி 1: புதுசா விட்டத பழசு துரத்துது

*இன்னிக்கு தான் விட்டீங்களா?*
தொட்டி லைட்ட அணைங்க. பழசுங்களுக்கு வயிறு ரொம்ப சாப்பாடு போடுங்க. நாளைக்கு காலைல பாப்போம். பாதி கேஸ் இதோட முடிஞ்சுடும். அடுத்த தடவ மீன் விடறதே லைட்ட அணைக்கற நேரமா பாத்து விடுங்க, மத்தியானம் பன்னெண்டு மணி வெளிச்சத்துல எல்லார் முன்னாடியும் விட்டா கல்யாண வீட்டுக்கு அழைப்பில்லாம வந்தவன் மாதிரி தான் பாக்கும்.

*ரெண்டு நாள் ஆகியும் நிக்கலியா?*
பொந்து எண்ணுங்க. நெஜமாவே விரல விட்டு எண்ணுங்க. மீன் எத்தன, அது உள்ள போய் மறைஞ்சு நிக்கற மாதிரி இடம் எத்தன. மீன விட பொந்து கம்மின்னா அடுத்த மீனோட பேர், ஜாதகம் எதுவும் தேவையில்ல, சண்ட வந்தே தீரும். நெறைய வீட்ல கல்ல அழகுக்கு கோயில் கோபுரம் மாதிரி நடுவுல ஒரே குவியலா அடுக்கிடறாங்க. ஒரு குவியல்னா ஒரு ராஜா. அதையே பிரிச்சு ரெண்டு குவியலா, நடுவுல ஒரு சந்து விட்டு, ஒண்ணுலேந்து பாத்தா இன்னொண்ணு தெரியாத மாதிரி வைங்க. எடம் மாறுனதும் பழசுக்கே அட்ரஸ் தெரியாம போயிடும், எல்லாரும் புதுசா வீடு தேடணும், அந்த கொழப்பத்துல புது மீனுக்கும் ஒரு பொந்து கெடைக்கும். கைய விடறதுக்கு முன்னாடி ஹீட்டர், பவர்ஹெட் (தண்ணிய சுத்த விடற மோட்டார்) எல்லா ப்ளக்கும் பிடுங்குங்க. கல்ல மணல் மேல வைக்காதீங்க, கண்ணாடி அடித்தளத்துல நேரா உக்காரணும், இல்லனா மீன் மணல தோண்டும்போது சரிஞ்சுடும். ஒரே நாள்ல மொத்த மணலையும் கிளறிடாதீங்க, அழுக்கு கெளம்பி அம்மோனியா ஏறும்.

*அப்பவும் நிக்கலனா?*
பொட்டி. ஓட்ட போட்ட கண்ணாடி மாதிரி பொட்டி கடைல விக்குது, நான் வாங்குனதில்ல. ரெண்டடி தொட்டிக்கெல்லாம் முறுக்கு டப்பா போதும், பெரிய ட்ரான்ஸ்பரன்ட் டப்பாவ எடுத்து சுடுகம்பியால நாலு பக்கமும் ஓட்ட போட்டு, ஓரத்த சொரசொரப்பு இல்லாம தேச்சுட்டு, வெந்நீர்ல கழுவி, ஒரு பைப் துண்டு உள்ள போட்டு, புது மீன அதுக்குள்ள விட்டு தொட்டி ஓரமா தொங்க விடுங்க. ஊறுகா டப்பா வேணாம், எவ்ளோ கழுவுனாலும் எண்ண போகாது. நாலுலேந்து ஏழு நாள். பழசு முதல் ரெண்டு நாள் டப்பாவ குத்திக்கிட்டே இருக்கும், அப்புறம் அலுத்துப் போய் அது வேலைய பாக்கப் போயிடும். அது அலுத்துப் போன அன்னிக்கு ராத்திரி தான் திறந்து விடணும், காலண்டர பாத்து இல்ல.

*அதுக்கும் மசியலயா?*
முகம் பாக்கற கண்ணாடி ஒண்ண தொட்டிக்கு வெளிய ஒரு பக்கத்துல செல்லோடேப் போட்டு ஒட்டுங்க. டேங் மீனுக்கு (தொட்டின்னு அர்த்தம் இல்ல, தட்டையா பாசி தின்னுற மீன் வகை) இது பிரமாதமா வேல செய்யும், தன் உருவத்தையே எதிரின்னு நெனச்சு அங்கயே மல்லுக்கு நிக்கும், புதுசு நிம்மதியா சாப்பிடும். ரெண்டு மூணு நாள்ல எடுத்துடுங்க, மாசக்கணக்கா விடறது பாவம். இதுலயும் அடங்கலனா ரவுடிய எடுக்கறது தான், அறிகுறி 2ல இருக்கு.

அறிகுறி 2: ஒரே மீன் மொத்த தொட்டியையும் ஆட்டிப் படைக்குது

பத்துக்கு எட்டு கேஸ் டாம்சல். மூணு பட்ட டாம்சல், டாமினோ, நீல டாம்சல், இந்த மூணும் தான். விலை கம்மி, சாவாது, பாக்க அழகு, கடைலயும் "தொட்டி செட்டாகறதுக்கு முதல்ல இத விடுங்க சார்"னு குடுத்துடுவாங்க. மஞ்சள் வால் டாம்சல் கொஞ்சம் சாது, அதுவும் கொஞ்சம் தான்.

வண்ணாரப்பேட்டைல ஒரு அண்ணன், மூணடி தொட்டி, நாலு மூணு பட்ட டாம்சல் வாங்கி விட்டாரு. எட்டு மாசம் கழிச்சு நான் போய் பாக்கும்போது ஒண்ணு தான் இருந்துச்சு. "மத்தது வியாதில போயிடுச்சுப்பா"ன்னாரு. வியாதி இல்லண்ணே, இதோ இருக்காரு பாருங்க வியாதி, நடு கல்லுல உக்காந்துக்கிட்டு. அதுக்கப்புறம் வாங்குன க்ளவுன் (நெமோ மீன்) ரெண்டு, ஃபயர்ஃபிஷ் ஒண்ணு, எல்லாம் ஒவ்வொண்ணா காலி. ஃபயர்ஃபிஷ் தரைல காஞ்சு கெடந்துச்சாம், குதிச்சு தப்பிச்சுருக்கு பாவம், மூடி இல்ல. டாமினோ வாங்கும்போது அர இன்ச்சுல பொட்டு வச்ச பொம்ம மாதிரி இருக்கும், அது அஞ்சு இன்ச் வரைக்கும் வளரும், வளர வளர கொணமும் வளரும்.

*என்ன செய்யலாம்:*
கல்ல மாத்துங்க (மேல சொன்ன மாதிரி). டாம்சலுக்கு இது ஒரு வாரம் தான் தாங்கும், அப்புறம் புது இடத்துல மறுபடி பட்டா போட்டுக்கும். அதனால அந்த ஒரு வாரத்துல அத பிடிச்சுடறது உத்தமம். பத்து நாள் வெளிய வச்சு திரும்ப விட்டு பாக்கலாம், நான் நாலு தடவ பண்ணதுல ஒரு தடவ தான் உருப்பட்டுச்சு. மிச்ச மூணையும் கடைக்கே திருப்பி குடுத்துட்டேன், காசு வேணாம்னா யாரும் வேணாம்னு சொல்லமாட்டாங்க.

காசிமேட்டுல கொண்டு போய் கடல்ல மட்டும் விட்டுடாதீங்க. கேக்க புண்ணியம் மாதிரி இருக்கும். ஊர் ஊரா பல தொட்டி சுத்தி வந்த மீன், என்னென்ன வியாதிய சுமந்துட்டு இருக்கோ, அத கடல்ல எறக்குற வேல நமக்கு வேணாம்.

டாம்சல் இல்லாம வேற சந்தேகக் கேஸ்: ராயல் டாட்டிபேக் (பாதி ஊதா பாதி மஞ்சள், விரல் நீளம் கூட இருக்காது, ஆனா தன்ன விட பெருசையும் கிழிக்கும்), ஆறு கோடு வ்ராஸ், மெரூன் க்ளவுன், அப்புறம் ட்ரிக்கர். ட்ரிக்கர்னா நம்ம காசிமேட்டுல கிளாத்தின்னு ஏலம் விடறாங்களே அதே குடும்பம், பல்ல பாத்தாலே தெரிஞ்சுடும். இதுங்கள வச்சுக்கணும்னு ஆசைன்னா கடைசி மீனா விடுங்க. சாதுங்க முதல்ல, முரடன் கடைசில. இந்த வரிசைய முதல் நாளே கடைப்பிடிச்சா இந்த தலைப்பே உங்களுக்கு தேவப்படாது.

தொட்டி செட்டாக (அதாவது கழிவ தின்னுற பாக்டீரியா வளர) மீனே வேணாம், அதையும் சொல்லிடறேன். ஒரு இறால் துண்ட மணல்ல போட்டு அழுக விடுங்க, அம்மோனியா ஏறும், எறங்கும், அப்புறம் நைட்ரைட் ஏறும், எறங்கும், நாலுலேந்து ஆறு வாரம். செலவு ஒரு இறால்.

அறிகுறி 3: க்ளவுன் ரெண்டும் அடிச்சுக்குது

*சின்னது உடம்ப நடுக்கிக்கிட்டு சரிஞ்சு காட்டுது, பெருசு போயிடுது:* ஒண்ணும் பண்ணாதீங்க. "நீ தான் பெரியவ"ன்னு சின்னது ஒத்துக்குது, அவ்ளோதான். க்ளவுன்ல எல்லாம் ஆணா தான் தொடங்கும், அதுல பெருசா கெத்தா இருக்கறது பெண்ணா மாறிடும். நடுக்கத்த வலிப்புன்னு நெனச்சு மருந்து ஊத்துனவங்க இருக்காங்க.

*சின்னது அடங்குனாலும் பெருசு விடமாட்டேங்குது, வால் கிழியுது:* பெருச ஒரு வாரம் டப்பால போடுங்க, ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டே இருக்கட்டும்.

*ரெண்டும் ஒரே சைஸ், வாயும் வாயும் கோத்துக்கிட்டு உருளுது:* இன்னிக்கே பிரிங்க, காத்திருக்காதீங்க. ரெண்டும் வளந்த பெண்ணுங்களா இருக்கும், ஒண்ணு சாவற வரைக்கும் நிக்காது, பெண்ணானது திரும்ப ஆணாகாது. ஒண்ண குடுத்துட்டு அதுல பாதி சைஸ்ல குட்டி ஒண்ணு வாங்குங்க. வேற வேற ஜாதி க்ளவுன ஒரே தொட்டில போட்டிருந்தாலும் இதே பதில் தான்.

*உங்க கைய கடிக்குது, மத்த மீன ஒரு மூலைக்கே விடமாட்டேங்குது:* வாழ்த்துக்கள், அந்த மூலைல கல்லுலயோ கண்ணாடிலயோ ஆரஞ்சு புள்ளி புள்ளியா முட்ட இருக்கான்னு பாருங்க. ஏழுலேந்து பத்து நாள்ல பொரிஞ்சுடும், அதுவரைக்கும் அந்தப் பக்கம் பாசி சொரண்டாதீங்க.

அறிகுறி 4: மாசக்கணக்கா ஒத்துமையா இருந்ததுங்க, திடீர்னு சண்ட

இது கொஞ்சம் துப்பறியணும். போன ரெண்டு வாரத்துல என்ன மாறுச்சுன்னு கேட்டா "ஒண்ணுமே மாறல"ன்னு தான் முதல்ல சொல்லுவாங்க.

ஊருக்குப் போனீங்களா? பட்டினி போட்ட மீன் சண்ட போடும். ஒரு தடவ மொத்தமா கொட்டறத நிறுத்தி, ரெண்டு மூணு தடவ கொஞ்சம் கொஞ்சமா போட்டு ஒரு வாரம் பாருங்க.

சூடு ஏறுச்சா? நம்ம ஊர்ல ஏப்ரல் மே மாசம் மாடி வீட்ல தொட்டி 32 டிகிரி சாதாரணமா போகும். சூடு ஏற ஏற தண்ணில ஆக்சிஜன் கொறையும், எல்லா மீனும் தண்ணி விழற இடத்துக்கு வந்து கூடும், ஒரே எடத்துல கூடுனா தண்ணி லாரி பின்னாடி கொடத்தோட நின்னவங்களுக்கு சொல்லவே வேணாம். மேல்மட்டத்த நல்லா கலங்க விடுங்க, சின்ன ஃபேன் ஒண்ண தண்ணிய பாத்து திருப்பி வைங்க, ரெண்டு மூணு டிகிரி எறங்கும். மேல மூடி இருந்தா எடுத்துட்டு வலை போடுங்க. ஃபேன் போட்டா தண்ணி வத்தும், வத்துன அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ தண்ணி ஊத்தணும், உப்புத் தண்ணி ஊத்துனா உப்பு ஏறிக்கிட்டே போகும். சில்லர் (தண்ணிய குளிர வைக்கற மெஷின்) தான் கடைசி, அது தொட்டி விலைய தாண்டிடும், கரண்ட் பில் தனி.

ஏதாவது மீன் செத்துச்சா, இல்ல எதையாவது எடுத்தீங்களா? தலைவன் போனா அடுத்த தலைவன் யாருன்னு ஒரு வாரம் தேர்தல் நடக்கும். பொந்து நெறைய இருந்தா தானா அடங்கும்.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்ப எங்க ஏரியால கரண்ட் இல்லாம போச்சு, தண்ணி வேற தெருவுல நிக்குது. பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு தான் துணை. மீன் எல்லாத்தையும் ஒரே டப்ல மாத்திட்டேன், அதுல ஒண்ணுக்கொண்ணு தொடக் கூட இல்ல. கரண்ட் வந்து தொட்டில திரும்ப விட்டேன் பாருங்க, ரெண்டு வருஷமா பக்கத்து பக்கத்துல இருந்த வ்ராஸும் கோபியும் ஜென்மப் பகையாளி மாதிரி அடிச்சுக்குது. வ்ராஸ முதல்ல விட்டது என் தப்பு, அர மணி நேரத்துல எல்லா பொந்தும் அதோடதாயிடுச்சு. திரும்ப எடுத்து, கோபிய விட்டு, மறுநாள் ராத்திரி வ்ராஸ விட்டதும் தான் அடங்குச்சு. மொத்தமா மாத்த வேண்டி வந்தா சாதுவ முதல்ல விடற அந்த வரிசைய அப்பவும் மறக்காதீங்க.

மேல சொன்னது எதுவுமே இல்லனா மீன் வளந்துடுச்சு. ரெண்டு இன்ச்சுல வாங்குன நீல டேங் ஒரு அடி வரைக்கும் போற ஜாதி, நாலடி தொட்டி அதுக்கு காணாது. இதுக்கு வைத்தியம் பெரிய தொட்டி, இல்ல மீன குடுத்துடறது. நான் ரெண்டாவத தான் பண்ணேன், அழுக வந்துச்சு.

அறிகுறி 5: காலைல பாத்தா துடுப்பு கிழிஞ்சிருக்கு, பகல்ல யாரும் யாரையும் தொடல

முதல்ல பவர்ஹெட் வாய்க்கு வலை போட்டிருக்கீங்களா பாருங்க. தூங்கற மீன இழுத்துடும்.

ஓரம் வெள்ளையா பஞ்சு மாதிரி, இல்ல அழுகுன மாதிரி இருந்தா கடி இல்ல, துடுப்பு அழுகல், தண்ணி தான் காரணம். கத்தரிச்ச மாதிரி, பிறை வடிவத்துல காணாம போயிருந்தா கடி.

கடின்னா லைட்ட அணைச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு சிவப்பு வெளிச்சத்துல பாருங்க. டார்ச்சுல சிவப்பு ஜெலட்டின் பேப்பர் கட்டுனா போதும். கல்லுல வந்த நண்டு, பெரிய ஹெர்மிட் நண்டு, மான்டிஸ் இறால், இதுங்க தான் ராத்திரி வேட்டக்காரங்க. "டிக் டிக்"னு கண்ணாடில சுண்டுன மாதிரி சத்தம் கேட்டா மான்டிஸா இருக்கலாம், துப்பாக்கி இறாலும் அதே சத்தம் தான் போடும், ஆனா அது மீன ஒண்ணும் பெருசா பண்ணாது. மான்டிஸ கையால பிடிக்கப் போகாதீங்க, விரல் கிழிஞ்சுடும். அது இருக்கற கல்ல அப்படியே தூக்கி பக்கெட்ல வைங்க. முள்ளு முள்ளா புழு இருந்தா அது மேல பழி போடாதீங்க, செத்தத தின்ன வந்தது அது. இந்த கல்லு விஷயத்துலயே ஒண்ணு, உசிரோட பவளப்பாறைன்னு எவனாவது வித்தா வாங்காதீங்க. பவளத்தையும் கடல் குதிரையையும் 2001லயே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணைல சேத்துட்டாங்க. செராமிக் கல்லு போதும், நண்டு மான்டிஸ் தொல்லையும் வராது.

அப்புறம் ஒரு திருடன் இருக்கான். க்ளீனர் வ்ராஸ்னு நீலமும் கருப்புமா கோடு போட்டு விக்குறாங்களே, அது மத்த மீன் மேல இருக்கற ஒட்டுண்ணிய பொறுக்கி தின்னும். அத மாதிரியே வேஷம் போட்ட ப்ளென்னி ஒண்ணு உண்டு, அதே கோடு, அதே நடை, கிட்ட வந்து துடுப்ப கடிச்சுட்டு ஓடிடும். வாய பாருங்க: அசலுக்கு வாய் மூக்கு நுனில, போலிக்கு சுறா மாதிரி கீழ் பக்கம். ராயபுரத்துல ஒரு வீட்ல மூணு மாசம் க்ளவுன திட்டிக்கிட்டு இருந்தாங்க, கடைசில பாத்தா "டாக்டர் மீன்"னு செல்லமா வச்சிருந்தது தான் கடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

அறிகுறி 6: சாப்பாட்டு நேரத்துல மட்டும்

சுலபம். ரெண்டு மூலைலயும் ஒரே நேரத்துல போடுங்க. டேங்குக்கு உப்பு மசாலா போடாத பாசி ஷீட்ட ரெண்டு க்ளிப்புல ரெண்டு பக்கமும் மாட்டுங்க. முரடனுக்கு முதல்ல பெரிய துண்டு ஒண்ணு குடுத்து வாய அடைச்சுட்டு மத்ததுக்கு போடுங்க. காசிமேட்டு இறால வாங்கி கழுவி, பொடிசா நறுக்கி, ஃப்ரீசர்ல வச்சுக்கங்க, ஒரு வாரம் ஓடும். எங்க வீட்ல அது மசாலாவுக்கு போயிடாம பாத்துக்கறது தான் கஷ்டம்.

அறிகுறி 7: கண்ணாடிலயே முட்டிக்கிட்டு நிக்குது

அதோட நிழல் அதுக்கே தெரியுது. ரூம் இருட்டு, தொட்டி மட்டும் வெளிச்சம்னா இப்படி ஆகும். ரூம் லைட்ட போடுங்க, பக்கவாட்டு கண்ணாடிக்கு வெளிய கருப்பு பேப்பர் ஒட்டுங்க. முடிஞ்சுது.

பிடிக்கவே முடியல!

வலைய போட்டு தொட்டிய கடைஞ்சீங்கன்னா மிச்ச மீன் பயத்துலயே பாதி உசுர விட்டுடும். ரெண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் கழுத்த வெட்டி, தலகீழா திருப்பி உள்ள சொருகி, ஓட்ட நாலு போட்டு, இறால் துண்ட உள்ள வச்சு, ரவுடி நடமாடற எடத்துல படுக்க வைங்க. ஒரு வேள சாப்பாட்ட நிறுத்துங்க. முதல் நாள் அது வராது, ஊர்ல இருக்கற நல்லவன் எல்லாம் போய் மாட்டிக்குவான், திறந்து விட்டுட்டு திரும்ப வைங்க. மூணாவது நாள் மாட்டும். ராத்திரி அது தூங்கற பொந்து தெரிஞ்சா கல்லோட தூக்குறது இன்னும் ஈஸி. டேங்க வலைல பிடிக்காதீங்க, வாலடில கத்தி மாதிரி முள் இருக்கு, வலைல சிக்கிக்கும், உங்க கையையும் கிழிக்கும், டப்பாவால மொண்டு எடுங்க.

வெளிய வைக்க 50 லிட்டர் ப்ளாஸ்டிக் டப், தொட்டித் தண்ணி, ஏர்ஸ்டோன், சம்ப்ல (தண்ணி வடிகட்டுற தனித் தொட்டி) ஊறிக்கிட்டு இருந்த ஸ்பாஞ்ச் ஒண்ணு, ஒளிய பைப் எல்போ ரெண்டு, மேல வலை. அம்மோனியா தெனமும் பாக்கணும், கொஞ்சம் தெரிஞ்சாலும் பாதி தண்ணி மாத்தணும்.

அடி வாங்குனத எப்ப எடுக்கணும்னா, கண்ணு போயிருந்தா, ஒரு பக்கமா சாஞ்சு நீந்துனா, சதை தெரியற புண்ணு இருந்தா. அதுக்கும் இதே டப் தான், மங்கலான வெளிச்சம், சுத்தமான தண்ணி, கொஞ்சம் கொஞ்சமா சாப்பாடு. கிழிஞ்ச துடுப்பு தானா வளந்துடும். மஞ்சத்தூள் போடலாமான்னு கேக்கறவங்களுக்கு, வேணாம்.

இதுக்கு மேல நீங்க கை வைக்காதீங்க

தண்ணில கை விட்டா சுருக்குனு ஷாக் அடிக்கற மாதிரி இருந்தா மெயின அணைங்க, எலக்ட்ரீசியன கூப்பிடுங்க, எர்த் லீக்கேஜ் ட்ரிப்பர் இல்லனா அதையும் போடச் சொல்லுங்க.

லயன் ஃபிஷ்ஷோ ஃபாக்ஸ்ஃபேஸோ குத்திடுச்சுன்னா (ஃபாக்ஸ்ஃபேஸ் நம்ம ஓரா மீன் வகை, கடலுக்குப் போறவங்கள கேளுங்க அந்த முள்ளு வலிய), குத்துன கைய தாங்குற சூட்டு வெந்நீர்ல வைங்க, 45 டிகிரிக்கு மேல வேணாம், குத்தாத கையால சூட்ட பாத்துக்கங்க, அப்டியே ஆஸ்பத்திரிக்கு கெளம்புங்க. வீக்கம் ஏறுனாலோ மூச்சு திணறுனாலோ ஒரு நிமிஷம் கூட வெந்நீர் வச்சுக்கிட்டு வீட்ல உக்காராதீங்க.

ரெண்டு நாள்ல ரெண்டு மூணு மீன் வரிசையா சாவுது, மேல மாவு படிஞ்ச மாதிரி இருக்கு, மூச்சு வாங்குதுன்னா அது வெல்வெட் வியாதியா இருக்கலாம், சண்டையே இல்ல. நாள் கணக்குல மொத்தத்தையும் காலி பண்ணும். செம்பு மருந்த நீங்களா வாங்கி தொட்டில ஊத்தாதீங்க, இறால், நத்தை, பவளம் எதுவும் மிஞ்சாது. பொன்னேரில டாக்டர் எம்.ஜி.ஆர் மீன்வளக் கல்லூரி இருக்கு, நமக்கு பக்கம் தான், அங்க கேளுங்க. இல்லனா கடல் தொட்டிய மட்டும் பாக்குற மெயின்டனன்ஸ் ஆள வர வைங்க. தங்க மீன் தொட்டி கழுவுறவர இல்ல, ஒருத்தர் வந்து என் நண்பன் தொட்டிய மெட்ரோ வாட்டர்ல அலசி வச்சுட்டுப் போனாரு.

யார கூப்பிட்டாலும் போன்லயே இத சொல்லிடுங்க: எத்தன லிட்டர், என்னென்ன மீன், எது எப்போ விட்டது, அம்மோனியா நைட்ரைட் எவ்ளோ, சூடு எவ்ளோ, உப்பு எவ்ளோ, கடைசியா தண்ணி மாத்துனது எப்போ. ஃப்ளாஷ் இல்லாம ஒரு நிமிஷ வீடியோ ஒண்ணு அனுப்புங்க, அஞ்சடி தள்ளி நின்னு எடுத்தது.

எனக்கு போன் பண்றதா இருந்தாலும் இதே தான். ராத்திரி பத்தரைக்கு வேணாம்.